கடவுளுக்குத் தன் பெயர் வைத்த ராஜா

வீட்டில் பேரன் பிறந்தால் தாத்தா பெயரை வைப்போம். பக்தி கொஞ்சம் கூடுதலென்றால் முருகன், பரமசிவம் என்று சாமி பெயரை வைப்போம். மனிதனுக்குச் சாமி பெயர் என்பது நமக்குப் பழகின சமாசாரம். இதுவே உல்டாவாக, சாமிக்கு மனிதன் தன் பெயரை வைத்தால்?

வைத்திருக்கிறார்கள்! தஞ்சைப் பெரிய கோயிலுக்கு ராஜராஜ சோழன் வைத்த பெயர் ‘ராஜராஜீச்சரம்’. அது 1010-ம் வருஷத்துக் கதை. அதற்கு ஏறக்குறைய 600 வருஷம் முன்பே, கடல் கடந்த ஒரு தேசத்தில், நாலாபக்கமும் காட்டு மலைகள் சூழ்ந்த ஒரு பள்ளத்தாக்கில், இன்னொரு ராஜா இதே காரியத்தைச் செய்துவிட்டான். அவன் பெயர் பத்ரவர்மன். அவன் பிரதிஷ்டை செய்த சிவனுக்குப் பெயர் பத்ரேஸ்வரர். அதாவது, பத்ரவர்மனின் ஈஸ்வரர்!

இந்த வாரம் அந்தச் சிவனைத்தான் பார்க்கப் போகிறோம். வியட்நாம் வரை போகவேண்டும். கிளம்புங்கள்!

வியட்நாமின் நடுப்பகுதியில், கடற்கரையோரம் இருக்கும் டா நாங் நகரத்தில் இறங்கிக்கொள்ளலாம். அங்கிருந்து தென்மேற்கே சுமார் 70 கிலோமீட்டர் கார் பயணம். வழியெல்லாம் வயல். நாற்று நடுகிற பெண்கள், வாய்க்கால், எருமை என்று நம்ம தஞ்சாவூர்ப் பக்கம் போவது போலவே இருக்கும். தலையில் இருக்கும் கூம்புத் தொப்பியை மட்டும் மறந்துவிட்டால் போதும். பிறகு வயல் முடிந்து மரம் ஆரம்பிக்கும். தூரத்தில், சிகரம் ஒரு பக்கமாகக் கொக்கி போல வளைந்த மலை ஒன்று தெரியும். ‘பூனைப்பல் மலை’ என்பது உள்ளூர்க்காரர்கள் அதற்கு வைத்திருக்கும் பெயர். ராஜாக்கள் காலத்தில் அதற்குப் பெயர் ‘மகாபர்வதம்’.

இடத்தின் இன்றைய பெயர் மீ சோன். வியட்நாமிய மொழியில் ‘அழகிய மலை’ என்று அர்த்தம்.

டிக்கெட் வாங்கிக்கொண்டு பேட்டரி வண்டியில் கொஞ்ச தூரம் போய், மிச்சத்தை நடந்து கடக்கவேண்டும். காலையிலேயே போய்விடுங்கள். பத்து மணிக்கு மேல் புழுக்கம் உயிரை எடுத்துவிடும். இன்னொரு விஷயம்... தேங்காய் பழத்தோடு போய் ஏமாந்துவிடாதீர்கள். அர்ச்சகர் கிடையாது. மணிச்சத்தம் கிடையாது. சில்வண்டுகளின் ரீங்காரம் மட்டும் விடாமல் கேட்டுக்கொண்டே இருக்கும். பாதை ஒரு திருப்பத்தில் திரும்பும். அங்கே, மரங்களுக்கு நடுவே, காய்ந்த ரத்தத்தின் நிறத்தில் செங்கல் கோபுரங்கள்!

கோபுரத்துத் தலையில் புல் முளைத்திருக்கும். சுவரில் கைகூப்பி நிற்கும் தேவர்களில் சிலருக்குத் தலை இருக்காது. வாசலில் கிடக்கும் கல்லில் எழுத்து. குனிந்து பாருங்கள். படிக்க வராது. ஆனாலும், எங்கேயோ பார்த்த முகம் மாதிரி இருக்கும். காரணம் இருக்கிறது. தென்னிந்தியாவில் புழங்கிய பிராமி வகை எழுத்திலிருந்து வளர்ந்த எழுத்து அது. நம்ம கிரந்தத்துக்குத் தூரத்துப் பங்காளி!

யார் இவர்கள்?

சம்பா என்று ஒரு ராஜ்யம். மக்களின் பெயர் சாம். இன்றைய வியட்நாமின் நடுப்பகுதியிலும் தென்பகுதியிலும் கடலோரமாக, சுமார் ஆயிரம் வருஷத்துக்கும் மேல் கொடிகட்டிப் பறந்தவர்கள். சீனாவுக்கும் இந்தியாவுக்கும் நடுவே ஓடிய கப்பல் வியாபாரத்தில் இவர்கள் ஒரு முக்கியமான சத்திரம் மாதிரி. காட்டிலிருந்து அகில் கட்டையும் யானைத் தந்தமும் எடுத்துவந்து கப்பலில் ஏற்றினார்கள். அதே கப்பல்களில் சம்ஸ்கிருதமும் சிவனும் வந்து இறங்கினார்கள். படையெடுத்துப் போய் யாரும் திணிக்கவில்லை. வியாபாரியோடும் பிராமணரோடும் வந்த தெய்வம், அவர்களுக்குப் பிடித்துப் போய்விட்டது.

அதற்காக அவர்கள் தங்கள் பாஷையை விட்டுவிடவில்லை என்பதையும் கவனியுங்கள். தென்கிழக்கு ஆசியாவில் ஒரு உள்ளூர் மொழியில் பொறிக்கப்பட்ட மிகப் பழைய கல்வெட்டு என்று அறிஞர்கள் சொல்வது, மீ சோனுக்குப் பக்கத்தில் கிடைத்த சாம் மொழிக் கல்வெட்டைத்தான். காலம், 4-ம் நூற்றாண்டு வாக்கில்.

பத்ரவர்மன் ஆண்டது அந்தக் காலகட்டத்தில்தான். 4-ம் நூற்றாண்டின் கடைசியும் 5-ம் நூற்றாண்டின் தொடக்கமும். அவன் தலைநகரம் சிம்மபுரம், இன்றைய பெயர் ட்ரா கியூ. அங்கிருந்து உள்ளே மலைப்பக்கம் வந்து, இந்தப் பள்ளத்தாக்கு முழுவதையும் பத்ரேஸ்வரருக்கு எழுதிவைத்தான். மலைகளின் பெயரைச் சொல்லி எல்லை குறித்துக் கொடுத்த பக்காவான பத்திரம்.

பத்திரத்தின் கடைசியில் ஒரு வேண்டுகோள். என் மேல் இரக்கம் வைத்து, நான் கொடுத்ததை அழித்துவிடாதீர்கள் என்று வருங்கால ராஜாக்களிடம் கெஞ்சுகிறான். கூடவே ஒரு கணக்கும் சொல்கிறான். இதை அழிப்பவன் பிறவிதோறும் செய்த புண்ணியம் எல்லாம் எனக்கு வந்துவிடும்; நான் செய்த பாவம் எல்லாம் அவனுக்குப் போய்விடும். ஒழுங்காகக் காப்பாற்றினால், அந்தப் புண்ணியம் மொத்தமும் காப்பாற்றியவனுக்கே!

நம்ம ஊர்க் கல்வெட்டுகளில், இந்த தர்மத்தை அழித்தவன் கங்கைக் கரையில் காராம்பசுவைக் கொன்ற பாவத்தில் போவான் என்று எழுதியிருப்பார்களே... அதே மனசுதான். கோயில் கட்டுகிற ஒவ்வொருவனுக்கும் அடிவயிற்றில் ஒரே பயம். நான் போனபிறகு இதை யார் பார்த்துக்கொள்வார்கள்?

அந்தப் பயம் நியாயமானது என்று சீக்கிரமே தெரிந்துபோனது. பத்ரவர்மன் கட்டியது மரக்கோயில். 6-ம் நூற்றாண்டில் தீப்பிடித்து, சாம்பலாகிவிட்டது.

இங்கேதான் அடுத்த ஆள் வருகிறான். சம்புவர்மன். ஆட்சிக்காலம் சுமார் 577 முதல் 629 வரை. எரிந்த கோயிலைத் திரும்பக் கட்டினான். இந்தத் தடவை செங்கல்லால்! சும்மா கட்டுவானா? சாமி பெயரில் தன் பெயரையும் சேர்த்துக்கொண்டான். பத்ரேஸ்வரர், ‘சம்புபத்ரேஸ்வரர்’ ஆனார். பழைய ராஜாவின் பெயரை எடுத்துவிட்டுத் தன் பெயரைப் போட்டிருக்கலாம். யார் கேட்கப் போகிறார்கள்? செய்யவில்லை. முன்னவன் பெயரை அப்படியே வைத்துக்கொண்டு, பக்கத்தில் தனக்கும் ஒரு இடம் போட்டுக்கொண்டான். வரலாற்றில் இந்த நாகரிகம் அவ்வளவு சுலபத்தில் பார்க்கக் கிடைக்காது!

இதே காலத்தில் நம்ம தமிழ்நாட்டில் என்ன நடந்துகொண்டிருந்தது தெரியுமா? இங்கேயும் ஒரு ‘வர்மன்’. காஞ்சிப் பல்லவன் மகேந்திரவர்மன். விழுப்புரம் மாவட்டம் மண்டகப்பட்டில் பாறையைக் குடைந்து கோயில் எடுத்து, செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு எதுவும் இல்லாமல் பிரம்மா, ஈஸ்வரன், விஷ்ணு மூவருக்கும் இதைச் செய்திருக்கிறேன் என்று பெருமையாகக் கல்வெட்டு வெட்டிவைத்தான். ஏறத்தாழ ஒரே காலம், இரண்டு ராஜாக்கள், ஒரே கவலை... மரம் எரியும், அழியாததற்கு என்ன வழி? மகேந்திரன் பாறையைத் தேர்ந்தெடுத்தான். சம்புவர்மன் செங்கல்லைத் தேர்ந்தெடுத்தான்.

அந்தச் செங்கல்லைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பாருங்கள். தொடாமல்! இரண்டு செங்கல்லுக்கு நடுவே சாந்து எங்கே? கண்ணுக்குத் தெரிகிற மாதிரி சாந்துப் பட்டையே இல்லை. நகம் நுழையாத அளவுக்கு ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருக்கிறது. நம் வீட்டுச் சுவரில் கொத்தனார் வைக்கிற அரை அங்குல சிமென்ட் பூச்சை நினைத்துப் பார்த்தால் வெட்கமாக இருக்கும்.

எப்படி ஒட்டினார்கள்? நூறு வருஷமாக வல்லுநர்கள் மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள். ஈரமான களிமண் குழம்பைத் தடவி, செங்கல்லைச் செங்கல்லோடு தேய்த்து ஒட்டினார்கள் என்பது ஒரு கட்சி. காட்டு மரத்துப் பிசினைத்தான் பசையாகப் பயன்படுத்தினார்கள் என்பது இன்னொரு கட்சி. இத்தாலிய நிபுணர்கள் இங்கே பல வருஷம் வேலை பார்த்து, மரப்பிசின் பக்கம் சாட்சி சேர்த்துக் கொடுத்தார்கள். அந்தப் பிசின் தருகிற மரங்கள் இந்தப் பக்கத்துக் காடுகளில் இன்றைக்கும் இருக்கின்றன. உள்ளூர்க்காரர்கள் அதே பிசினை எடுத்துப் படகுக்கு, தண்ணீர் கசியாமல் இருக்கப் பூசினார்கள். கடலோடிகளுக்குக் கோயில் கட்டத் தெரிந்த ரகசியம் படகிலிருந்தே வந்திருந்தால் ஆச்சரியமில்லை!

சுவரை எழுப்பி முடித்த பிறகுதான் சிற்பிகள் உளியை எடுத்தார்கள் என்பதும் இன்னொரு அதிசயம். தேவர்கள், கொடி, இலை எல்லாம் எழும்பி நின்ற செங்கல் சுவரிலேயே செதுக்கியவை. கை ஒரு இடத்தில் தவறினால், செங்கல்லை மட்டும் மாற்ற முடியாது. சுவரே போச்சு!

சம்புவர்மனுக்குப் பிறகு வந்தவர்களும் சும்மா இருக்கவில்லை. பிரகாசதர்மன் என்ற ராஜா 7-ம் நூற்றாண்டில் இங்கே ஒரு நீளமான கல்வெட்டு வைத்தான். தன் குடும்பக் கதை முழுக்க அதில் சொல்லியிருக்கிறான். முன்னோர்களில் கங்காராஜன் என்று ஒரு ராஜா. கங்கையைத் தரிசிக்கவேண்டும் என்ற ஆசையில், சிம்மாசனத்தை விட்டுவிட்டு இந்தியாவுக்குக் கிளம்பிப் போய்விட்டானாம். யோசித்துப் பாருங்கள்... அந்தக் காலத்துக் கப்பலில், வியட்நாமிலிருந்து காசிப் பக்கம்! நமக்கு ராமேஸ்வரம் எக்ஸ்பிரஸில் லோயர் பெர்த் கிடைக்காவிட்டாலே யாத்திரையைத் தள்ளிப்போட்டுவிடுகிறோம்.

இப்படி 13-ம் நூற்றாண்டு வரைக்கும், ராஜாவுக்குப் பின் ராஜா இங்கே வந்து கோயில் கட்டினார்கள், உடைந்ததைப் பழுதுபார்த்தார்கள், லிங்கத்துக்குத் தங்கக் கவசம் சாத்தினார்கள். வடக்கேயிருந்து வியட்நாமியரும் தெற்கேயிருந்து கம்போடியாவின் கெமர் ராஜாக்களும் மாறிமாறிப் படையெடுத்த காலம் அது. சாம் ராஜாக்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. அவர்களும் 1177-ல் போய் அங்கோர் நகரத்தையே சூறையாடியவர்கள்தான். ஒவ்வொரு சண்டைக்கும் பிறகு, ஜெயித்தவனோ தோற்றவனோ, யாராவது ஒருத்தன் பத்ரேஸ்வரரிடம் திரும்பி வந்தான். சுமார் 900 வருஷம்!

பிறகு, ராஜ்யம் தெற்கே தெற்கே என்று சுருங்கியது. 1471-ல் வியட்நாமிய மன்னர் லே தான் தோங், சாம் தலைநகரமான விஜயத்தைப் பிடித்தார். மீ சோனுக்கு வர ராஜா இல்லை. விளக்கேற்ற ஆள் இல்லை. காடு மெல்ல உள்ளே வந்தது. ஆலமரக் குடும்பத்துச் செடி ஒன்று செங்கல் இடுக்கில் முளைத்தால் என்ன ஆகும் என்று நம்ம கிராமத்துக் கோயில் கோபுரங்களைப் பார்த்தவர்களுக்குச் சொல்லவேண்டியதில்லை.

19-ம் நூற்றாண்டின் கடைசியில் பிரெஞ்சுக்காரர்கள் வந்து பார்த்தபோது, கோபுரங்களை மரங்கள் மூடியிருந்தன. 1903-ல் ஆன்றி பார்மாந்தியே என்ற பிரெஞ்சுக் கட்டடக் கலைஞர் காட்டை வெட்டிச் சுத்தம் செய்து, அகழ்ந்து, ஒவ்வொரு கட்டடத்தையும் அளந்து, வரைபடம் போட்டார். லூயி ஃபினோ என்ற அறிஞர் கல்வெட்டுகளைப் படித்தார். பத்ரவர்மனின் கெஞ்சல் ஆயிரத்தைந்நூறு வருஷம் கழித்து உலகத்தின் காதில் விழுந்தது அப்போதுதான்.

ஒரு சிக்கல். சுமார் 70 கட்டடங்கள். எது எந்த ராஜா கட்டியது, எது எந்தச் சாமிக்கு? பலதுக்கு விடை இல்லை. பார்மாந்தியே என்ன செய்தார்? ஏ, பி, சி என்று பிரெஞ்சு எழுத்துகளைக் கொடுத்து நம்பர் போட்டுவிட்டார். பத்ரேஸ்வரர் குடியிருந்த மூலஸ்தானத்துக்கு ‘பி-1’ என்று பெயர். பெயரை நிலைக்கவைக்க சாமியோடு சேர்த்துக் கட்டிய ராஜாவின் கோயிலுக்கு, கடைசியில் ரயில்வே கோச் மாதிரி ஒரு நம்பர்!

ஆனால், அந்த நம்பர் போட்ட வரைபடங்கள்தான் பின்னால் விலைமதிப்பில்லாதவையாக ஆயின. ஏன் என்று சொல்கிறேன்.

கோபுரங்களிலேயே பெரியது ‘ஏ-1’. ஏறக்குறைய எட்டு மாடி உயரம். வழக்கத்துக்கு மாறாகக் கிழக்கிலும் மேற்கிலும் இரண்டு வாசல். சாம் கட்டடக் கலையின் சிகரம் என்று கொண்டாடினார்கள். 1930-களின் கடைசியில் பிரெஞ்சுக்காரர்கள் அதைப் பழுதுபார்த்தும் வைத்தார்கள்.

இப்போது அந்த ஏ-1 இருந்த இடத்துக்கு உங்களைக் கூட்டிக்கொண்டு போகிறேன். வாருங்கள்.

என்ன... கோபுரத்தைக் காணோமா? சரியான இடத்தில்தான் நிற்கிறீர்கள். எதிரே தெரிகிற பீடமும் செங்கல் குவியலும்தான் ஏ-1.

வியட்நாம் யுத்தம். மலையும் காடும் சூழ்ந்த இந்தப் பள்ளத்தாக்கு, கம்யூனிஸ்ட் கெரில்லாக்களுக்கு நல்ல மறைவிடமாக இருந்தது. அமெரிக்க ராணுவத்துக்கு அது குறி. 1969 ஆகஸ்டில் அமெரிக்கர்கள் இந்தப் பள்ளத்தாக்கில் குண்டு பொழிந்தார்கள். தீயையும் கெமர் படையையும் காட்டு மரங்களின் வேரையும் தாக்குப்பிடித்த கோயில்கள் சில நாட்களில் பொடிப்பொடியாகின. இன்றைக்கு ஓரளவு உருப்படியாக நிற்பவை இருபது சொச்சம்தான். கோயில்களுக்கு நடுவே, புல் மூடிய வட்டமான பள்ளங்களைப் பார்ப்பீர்கள். மழைக்காலத்தில் தண்ணீர் தேங்கி, குட்டிக் குளம் மாதிரி இருக்கும். திருக்குளம் என்று நினைத்துவிடாதீர்கள். குண்டு விழுந்த பள்ளங்கள்!

சேதி பாரிஸுக்குப் போனது. பிலிப் ஸ்டெர்ன் என்ற முதியவர் துடித்துப்போனார். சம்பாவின் கலையைப் பற்றி 1942-லேயே பெரிய புத்தகம் எழுதியவர். பாரிஸின் கிமே அருங்காட்சியகத்தில் வாழ்நாளைக் கழித்தவர். நேராக அமெரிக்க ஜனாதிபதி நிக்சனுக்கே ஒரு கடிதம் எழுதினார். சாம் கோயில்களை முடிந்தவரை காப்பாற்றச் சொல்லி 1970 ஜனவரியில் அமெரிக்கத் தரப்பிலிருந்து உத்தரவு போனதாகச் சொல்லப்படுகிறது. ஆனால், ஏ-1 போனது போனதுதான். அது எப்படி இருந்தது என்று தெரிந்துகொள்ள, இன்றைக்கு நமக்கு மிச்சமிருப்பவை பார்மாந்தியேவின் வரைபடங்களும் பழைய போட்டோக்களும்தான்.

யுத்தம் 1975-ல் முடிந்தது. பள்ளத்தாக்கில் யாரும் கால்வைக்க முடியவில்லை. மண்ணுக்குள் கண்ணிவெடிகள்! அவற்றை அகற்றப் போனவர்களில் சிலர் உயிரையே கொடுத்தார்கள்.

அந்தச் சமயத்தில் இங்கே வந்து சேர்ந்தார் ஒரு தாடிக்காரர். போலந்து நாட்டுக் கட்டடக் கலைஞர். பெயர் காஸிமியெஷ் க்வியாட்கோவ்ஸ்கி. வாயில் நுழையவில்லையா? வியட்நாமியர்களுக்கும் நுழையவில்லை. சுருக்கமாக ‘காஸிக்’ என்று கூப்பிட்டார்கள். போலந்தும் வியட்நாமும் சேர்ந்து சாம் கோயில்களைக் காப்பாற்றப் போட்ட திட்டத்தில், 1980-களின் ஆரம்பத்தில் வந்தவர். வந்த இடத்திலோ சாப்பாட்டுக்கே பஞ்சம். கரன்ட் கிடையாது. ரோடு கிடையாது. மலேரியா மட்டும் தாராளமாகக் கிடைக்கும். இடிபாடுகளுக்குப் பக்கத்திலேயே தங்கி, உள்ளூர்த் தொழிலாளர்களோடு ஒருத்தராக வேலை பார்த்தார்.

காஸிக்கின் கொள்கை எளிமையானது. விழுந்ததைக் கற்பனை செய்து புதுசாகக் கட்டக்கூடாது. நிற்பதை விழாமல் நிறுத்தவேண்டும். கிடக்கிற செங்கல்லையும் கல்லையும் அடையாளம் கண்டு, அது இருந்த இடம் நிச்சயமாகத் தெரிந்தால் மட்டும் திரும்ப வைக்கவேண்டும். நம்மூரில் ‘திருப்பணி’ என்ற பெயரில் கல்வெட்டு மேலேயே பெயின்ட் அடிப்பதையும், பழைய தரையைப் பெயர்த்து வழுக்குகிற டைல்ஸ் ஒட்டுவதையும் பார்த்தவர்களுக்கு, இந்தக் கொள்கையின் அருமை புரியும்.

பக்கத்து ஊரான ஹோய் ஆன் துறைமுக நகரத்தின் பழைய வீடுகளைக் காப்பாற்றச் சொல்லிக் குரல் கொடுத்ததும் இதே காஸிக்தான். 1997-ல், ஹுவே நகரத்தின் பழைய அரண்மனைகளைப் புதுப்பிக்கும் வேலையில் இருந்தபோது, அங்கேயே இறந்துபோனார். இரண்டே வருஷத்தில், 1999-ல், மீ சோனையும் ஹோய் ஆனையும் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னங்களாக அறிவித்தது. பார்க்க அவர் இல்லை. ஹோய் ஆனில் அவருக்குச் சிலை வைத்திருக்கிறார்கள். போனால் ஒரு கும்பிடு போட்டுவிட்டு வாருங்கள்.

இந்தியாவும் இந்தக் கதைக்குள் வந்தது. 2017 முதல் சில வருஷங்கள் நமது இந்தியத் தொல்லியல் துறை இங்கே வேலை பார்த்தது. ‘ஏ’ வரிசைக் கோயில்களில் மண்ணை அகற்றிக்கொண்டிருந்தபோது, 2020 மே மாதம், ஆவுடையாரோடு ஒரே கல்லில் செதுக்கிய பெரிய சிவலிங்கம் ஒன்று வெளிப்பட்டது. 9-ம் நூற்றாண்டைச் சேர்ந்தது. உலகமே கொரோனாவுக்குப் பயந்து கதவைச் சாத்திக்கொண்டிருந்த நேரத்தில், அவர் மட்டும் வெளியே வந்தார்! குண்டு மழை பொழிந்தபோது, இடிபாடும் மண்ணும் மூடி இவரைப் பத்திரமாக வைத்திருந்திருக்கின்றன.

சரி, கட்டிய ஜனங்கள் என்ன ஆனார்கள்? அழிந்துபோய்விட்டார்களா?

இதைத்தான் முக்கியமாகச் சொல்ல வந்தேன். இருக்கிறார்கள்! இங்கிருந்து 500 கிலோமீட்டருக்கும் மேல் தெற்கே ஃபான் ராங் என்று ஒரு ஊர். அந்தப் பெயரே ‘பாண்டுரங்க’ என்ற பழைய பெயரின் தேய்ந்த வடிவம்தான். சாம் ராஜாக்களின் கடைசிப் புகலிடம் அது. 1832-ல் அதையும் வியட்நாம் அரசு எடுத்துக்கொண்டது. ராஜ்யம் போனாலும் ஜனங்கள் போகவில்லை. வியட்நாமில் இன்று ஒன்றரை லட்சத்துக்கும் மேல் சாம் மக்கள் இருக்கிறார்கள். பலர் இஸ்லாத்தைத் தழுவியவர்கள். இன்னொரு பெரும் பகுதியினர் பழைய சம்பிரதாயத்தை விடாதவர்கள். அவர்களை ‘பாலமோன்’ என்கிறார்கள். ‘பிராமண’ என்ற சொல்தான் அப்படித் திரிந்திருக்கிறது.

வருஷா வருஷம், பெரும்பாலும் அக்டோபர் வாக்கில், ‘கதே’ என்று ஒரு திருவிழா. ஃபான் ராங்கில் ஒரு குன்றின் மேல் போ க்லோங் கராய் என்ற கோயில். மலையில் வசிக்கும் ரக்லாய் பழங்குடியினர்தான் தெய்வத்தின் உடைகளைப் பாதுகாத்து வைத்திருப்பவர்கள். விழாவன்று அவற்றை மேளதாளத்தோடு கொண்டுவருவார்கள். வெள்ளை உடுத்த பூசாரிகள் கருவறைக் கதவைத் திறந்து, சாமிக்கு அபிஷேகம் செய்து, புது உடை சாத்துவார்கள்.

உள்ளே இருக்கிற சாமி யார் தெரியுமா? முகம் வைத்த சிவலிங்கம். அந்த முகம், அவர்கள் நினைவில் வாழும் ஒரு பழைய ராஜாவின் முகம்! அணை கட்டி, கால்வாய் வெட்டி, தண்ணீர் கொண்டுவந்த ராஜா என்று அவரைக் கொண்டாடுகிறார்கள்.

அப்படியானால், பத்ரவர்மன் ஆரம்பித்த காரியம் தோற்றுவிடவில்லை. ராஜாவும் சிவனும் ஒன்றாகக் கலந்து, இன்றைக்கும் ஒரு குன்றின் மேல் பூஜை வாங்கிக்கொண்டிருக்கிறார்கள். கல்லில் வெட்டிய சாபத்துக்குப் பயந்து யாரும் அந்தக் கதவைத் திறப்பதில்லை. ‘நம்ம சாமி’ என்று வருஷம் ஒருமுறை குன்று ஏறுகிற ஜனங்கள் இருப்பதால் திறக்கிறது.

பத்ரவர்மன் போட்ட கணக்கு ஞாபகம் இருக்கிறதல்லவா? அழித்தவன் புண்ணியம் எனக்கு, என் பாவம் அவனுக்கு. காப்பாற்றினால் புண்ணியம் காப்பாற்றியவனுக்கே. முதல் பாதி யாருக்குப் பலித்தது என்று ஆராய வேண்டாம். இரண்டாவது பாதியின்படி பார்த்தால், காட்டில் கோடு போட்டு வரைபடம் வரைந்த பிரெஞ்சுக்காரர், கண்ணிவெடி எடுக்கப்போய் உயிர்விட்ட வியட்நாமியர்கள், போலந்து காஸிக்... சிவன் பெயரைச் சொல்லி வளராத இவர்கள் கணக்கில்தான் பத்ரேஸ்வரரின் புண்ணியம் ஏறியிருக்கிறது.

கிளம்புவதற்கு முன், பி-1 பக்கம் ஒரு தடவை போய்விட்டு வாருங்கள். கோபுரம் இல்லை. கல் அடித்தளமும் வானம் பார்க்கிற லிங்கமும்தான் மிச்சம். கைடுகள் கூட்டத்தை அழைத்துக்கொண்டு வந்து, ‘திஸ் இஸ் பி-ஒன்’ என்று காட்டிவிட்டு, அடுத்த நம்பருக்கு நகர்ந்துவிடுவார்கள். நீங்கள் மட்டும் ஒரு நிமிஷம் தங்குங்கள். சூடமோ தேங்காயோ வேண்டாம்.

‘பத்ரேஸ்வரா’ என்று ஒரு தடவை வாய்விட்டுக் கூப்பிடுங்கள். பாவம், அந்தப் பெயரைச் சொல்லி அவரை அங்கே யாராவது கூப்பிட்டு ரொம்ப நாளாகிறது!